நார்மல் என்று எழுதிய குழாய்

சில்வஸ்டருக்கு வேலை நிரந்தரமானதும் கல்யாணம் என்று கட்டபெட்டில் இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். பெண் பிலோமி, கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நிரந்தரம் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் வரும் வரும் என்று சொல்லி வராமலே இருக்கிற சமாச்சாரம். ஆனால் அந்த வருஷம் அவன் பெயர் டைரக்டர் லிங்கசாமி மேசை வரைக்கும் போய்விட்டது. அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

குன்னூரில் அந்த ஆய்வுக்கூடத்தில் நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. முப்பது நாற்பது வயதில் நடை தள்ளாட ஆரம்பித்து, பிறகு கை நடுங்கி, பேச்சுக் குழறிப் படுக்கையில் தள்ளும் ஒரு பரம்பரை வியாதி இருக்கிறது. அது வந்த குடும்பங்களிடம் ரத்தம் வாங்கி, டிஎன்ஏ எடுத்து, எந்த ஜீனில் கோளாறு என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. வருகிறவர்களின் பெயரை எழுதி, டோக்கன் கொடுத்து, பெஞ்சில் உட்கார வைத்து, குளிருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பது என் வேலை. உள்ளே நடந்த விஞ்ஞானம் எனக்குத் தெரியாது. மனுஷர்களைத் தெரியும்.

அங்கே இரண்டு சாதி உண்டு. ஒன்று, ஆராய்ச்சி மாணவர்கள். சமவெளியிலிருந்து வருவார்கள், முதல் வருஷம் குல்லாய் போட்டு நடுங்குவார்கள், ஐந்தாம் வருஷம் டாக்டர் பட்டம், ஆறாம் வருஷம் அமெரிக்கா. ஒரு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும், அத்தோடு சரி. இன்னொன்று சில்வஸ்டர் மாதிரி ஒப்பந்த ஆட்கள். பி.எஸ்சி. முடித்து வருவார்கள், மார்ச் மாதம் வந்தால் அடுத்த வருஷம் உண்டா என்று டைரக்டர் முகத்தைப் பார்ப்பார்கள். மாணவர்களுக்குப் பைப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே சில்வஸ்டர்தான். அவர்கள் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள், இவன் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எனக்குத்தான் எரியும். அவன் சிரிப்பான்.

வியாதிக்காரர் ரத்தத்தோடு, ஒப்பிட்டுப் பார்க்க, வியாதி இல்லாத ஒருவர் ரத்தமும் வேண்டும். அதற்கு நார்மல் என்று பெயர். அதற்காக வெளியே ஆள் தேடி யார் அலைவது? பக்கத்தில் இருக்கிறவன் கையை நீட்டச் சொல்வார்கள். எந்த லேபிலும் இதுதான் பழக்கமாம். சில்வஸ்டர் தேயிலைக் காட்டில் ஏறி இறங்கி வளர்ந்த உடம்பு, நரம்பு புடைத்துத் தெரியும். ஆகவே எங்கள் நார்மல் அவன்தான். அவன் ரத்தத்திலிருந்து எடுத்த டிஎன்ஏ ஒரு சின்னக் குழாயில் நார்மல் என்று எழுதி ஃப்ரீசரில் இருந்தது.

அந்த வருஷம் வேறொரு ஜீனைப் பார்க்கும் புதுப் பரிசோதனையைப் பாலன் என்ற மாணவன் தொடங்கினான். டிஎன்ஏவை ஜெல் என்கிற கூழ்ப் பலகையில் ஓடவிட்டால், வியாதி உள்ளவர்களுக்குக் கீழே ஒரு கோடும் மேலே ஒரு கோடும் விழும். இல்லாதவர்களுக்குக் கீழே மட்டும்தான். முதல் ஜெல்லிலேயே வியாதிக்காரர்களுக்கு விழுந்த மாதிரி நார்மலுக்கும் மேலே கோடு விழுந்துவிட்டது.

"கண்டாமினேஷன்!" என்று பாலன் போட்ட சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது. நோயாளியின் டிஎன்ஏ ஒரு துளி நார்மல் குழாயில் விழுந்துவிட்டதாம். குழாயைத் தயாரித்தது யார்? சில்வஸ்டர். புதுத் தண்ணீர், புது மருந்து, எல்லாம் மாற்றி, அதே குழாயை வைத்து மறுபடி செய்தார்கள். மறுபடியும் மேலே கோடு. லிங்கசாமி சார் அவனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கிழிகிழி என்று கிழித்தார். அவனும் தலையைக் குனிந்துகொண்டு, "என் கைதானுங்க சார் எங்கியோ தப்புப் பண்ணிருச்சு," என்றான்.

அந்தக் குழாய் குப்பைக்குப் போனது. பாலன் தன் ரத்தத்தையே நார்மலாகக் கொடுத்தான், கோடு ஒழுங்காகக் கீழே மட்டும் விழுந்தது, கட்டுரை வெளிவந்தது, அவன் விமானம் ஏறினான். சில்வஸ்டரைக் கண்ணாடிச் சாமான் கழுவுகிற அறைக்கு மாற்றினார்கள். நிரந்தரத்துக்குப் போன பெயர் திரும்பி வந்தது. புதிதாக ஒரு ஊசி ரத்தம் அவனிடம் எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனுக்கே தோன்றவில்லை. நார்மல் என்று எழுதியாயிற்று, பிறகு யார் அதைச் சந்தேகப்படுவது?

பிலோமி காத்திருந்து பார்த்துவிட்டு, "வேலை வர்றப்ப வரட்டும், நீங்க வாங்க," என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஈஸ்டர் கழிந்து கல்யாணம். ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஜெசிந்தா.

குழந்தைக்கு நாலு வயது இருக்கும்போது சில்வஸ்டர் கையிலிருந்து சாமான் விழ ஆரம்பித்தது. பிறகு நடையில் ஒரு தடுமாற்றம். 'சில்வஸ்டர் இப்பத் தண்ணி போடறானாமா' என்று கேன்டீனில் பேச்சுக் கிளம்பியது. ஆசைப்பட்டது கிடைக்காதவன் குடிக்கத்தானே செய்வான் என்று அதற்கு நியாயம் வேறு. எனக்கு ரத்தம் கொதித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, நோயாளிகள் வருகிற நாள். ஒச்சப்பன் என்பவர் கூடலூர்ப் பக்கத்திலிருந்து மகனோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சில்வஸ்டர் கழுவிய குடுவைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு வராந்தாவில் வந்தான். கால்களை அகல வைத்து, ஒரு தோளால் சுவரை உரசிக்கொண்டு வந்தான். ஒச்சப்பன் அவனைப் பார்த்துவிட்டு, மகனை நகரச் சொல்லி இடம் விட்டார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. டோக்கன் வாங்கிட்டீங்களா?"

"நான் இங்க வேலை பாக்கறவனுங்க," என்றான் சில்வஸ்டர்.

பெரியவர் பதறிப்போய்விட்டார். "தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி. எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் இருந்துச்சு. அதான் கேட்டுப்புட்டேன்."

சில்வஸ்டர் தட்டைத் தரையில் வைத்தான். ஒரு குடுவைகூட உடையவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு என் மேசைக்கு வந்து, "அக்கா, அன்னிக்கு என் கை தப்புப் பண்ணலீங்க," என்றான். எனக்கு உடனே புரியவில்லை. அந்த மேல் கோடு அவன் ரத்தத்திலேயே இருந்தது என்று புரிந்ததும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்து அவன் சொன்னது அவனுடைய அப்பா அம்புரோஸைப் பற்றி. குந்தா பவர் ஹவுஸில் வேலை பார்த்தவர். தள்ளாடி நடந்ததால் ஊரெல்லாம் குடிகாரர் என்று பெயர். வேலையும் போனது. "சோறு வைக்கறதுக்கு முன்னாடி எங்கம்மா அவரை வாயை ஊதிக் காட்டச் சொல்லுமுங்க அக்கா. வாடையே இருக்காது. எதையோ மென்னு மறைக்கறாருன்னுதான் நெனைச்சோம். அவரு சத்தியம் பண்ணுனாரு. நாங்க யாரும் நம்பலீங்க." அவன் அழுதான். இத்தனை வருஷத்தில் நிரந்தரம் கிடைக்காதபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை.

புதிதாக ரத்தம் எடுத்தார்கள். மேலே கோடு விழுந்தது. லிங்கசாமி சார் தள்ளாடாத குறையாக என் மேசைக்கு வந்து, "அந்தப் பழைய டியூப் எங்கம்மா?" என்று கேட்டார். என்றோ குப்பைக்குப் போனதைக் கேட்கிறார் மனுஷர். மறுநாள் சில்வஸ்டரை அழைத்து நிரந்தர வேலையைப் பற்றிப் பேச்செடுத்தார். "இனி எதுக்குங்க சார்," என்று சொல்லிவிட்டு அவன் சாமான் அறைக்குப் போய்விட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டபெட்டில் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு அவனை உட்கார வைத்திருந்தாள் பிலோமி. கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஜெசிந்தா விளையாடிக்கொண்டிருந்தாள். அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று லேபில் நான் எத்தனை பேருக்குச் சொல்லக் கேட்டிருப்பேன். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பரிசோதனை செய்வதில்லை. வளர்ந்து அவர்களாகக் கேட்டால்தான்.

பிலோமி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். "முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் இவரைத்தானுங்க அக்கா கட்டியிருப்பேன்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "புள்ளதான் பெத்திருக்க மாட்டேன்," என்றாள். சில்வஸ்டர் காதில் அது விழுந்தது. அவன் திரும்பவில்லை.

அப்போது ஜெசிந்தா எங்களைப் பார்த்து மேட்டில் ஓடி வந்தாள். பாதி வழியில் தடுக்கி விழுந்தாள். வேறு எந்த வீட்டிலும் 'ஐயோ' என்று ஓடிப்போய்த் தூக்கியிருப்பார்கள். அந்த வீட்டில் ரெண்டு பேரும் அசையாமல் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தானே எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

சில்வஸ்டர் என் கையைப் பிடித்தான்.

"அக்கா, அது சும்மா விழுந்ததுதானுங்களே?"

"சும்மா விழுந்ததுதான் தம்பி," என்றேன்.