கட்டில் காலடியில் தண்ணீர்

காலை பத்தேகால் மணிக்கு, பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளின் கட்டிலடியில் டார்ச் அடித்துப் பார்த்த கொசு ஒழிப்புப் பணியாளர், "இன்னாம்மா, நீங்களே கொசு வளர்க்கறீங்களா?" என்றார். எறும்பு ஏறாமலிருக்க, கட்டில் கால்களை நான்தான் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்திருந்தேன். நான்கிலும் புழுக்கள் நெளிந்தன.

வயிற்றுப் பிள்ளையின் தலை வளராமல் செய்யுமாம், கொசுவால் பரவும் ஜிகா காய்ச்சல் என்று செஞ்சி கடைத்தெருவே பேசிக்கொண்டிருந்த வாரம் அது. மகளுக்கோ இரண்டு நாளாகக் காய்ச்சல். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துப் போனார்கள். அதன்பின் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

ஆறாம் நாள் நர்ஸம்மா வந்தார். "ஜிகா இல்லம்மா" என்றபடி மகளின் வயிற்றில் சின்னக் கருவியை வைத்தார். செஞ்சிக் கோட்டைப் படிகளில் யாரோ ஓடி ஏறுவது போலப் பிள்ளையின் இதயத்துடிப்பு அறையை நிறைத்தது. என்னையறியாமல் கைகூப்பினேன்.

"நீங்க பயந்ததெல்லாம் அதுக்குத் தெரியாது. ஓட்டத்தைக் கேளுங்க" என்றார்.