மூண்டு கொடியும் ஒரு கட்டைச் சரிகையும்

கொடி தைக்கிற தொழிலிலை சாமியளாலை ஒரு கரைச்சலும் இல்லை. கரைச்சல் முழுக்கச் சாமிக்காக வாற ஆக்களாலைதான். நீங்களும் ஆருக்காவது சட்டை தைச்சுக் குடுத்து, "கை கொஞ்சம் நீளமாப் போச்சு" எண்டு பேச்சு வாங்கியிருந்தியளெண்டால் என்ரை பாடு விளங்கும். எங்கடை பருத்தித்துறையிலை முருகன் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் மூண்டிலையும் கொடியேத்தித்தான் திருநாள் தொடங்கும். அந்த மூண்டு கொடிக்கும் பூவேலை செய்து குடுத்தவள் நான்தான்.

மச்சம் இல்லாத வீடு

முருகன் கோயில் மனேச்சர் கொடிச்சீலையைத் தரேக்கை நீள அகலம் ஒண்டும் கதைக்க மாட்டார். "சீலை உள்ளுக்கை இருக்கிறமட்டும் வீட்டிலை மீன் மச்சம் கூடாது" எண்டுதான் தொடங்குவார். என்ரை மனுசனோ கடல்தொழில். வலை இழுத்துக் களைச்சு வாறவருக்கு வாழைக்காய்க் கறியைக் கண்டால் எரிச்சல் வராதோ? பிடிச்ச மீன் முழுக்கச் சந்தைக்குப் போகும், வீட்டுக்கு ஒரு சூடை மீன்கூட வராது.

நான் என்ன செய்ய? சீலையை முடிச்சால்தான் மீன்சட்டி அடுப்பிலை ஏறும். முடிக்க விட்டால்தானே! மயிலின்ரை வாலுக்கு நூலை மாத்து, திரும்பவும் மாத்து எண்டு மனேச்சர் என்னைப் படாதபாடு படுத்தினார். கடைசியிலை என்ரை மனுசன் சோத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டார்: "இஞ்சாரும், கொடி தைக்கிறது நீர், விரதம் பிடிக்கிறது நான், புண்ணியம் ஆருக்கு?"

எந்தக் கடல்?

மாதா கோயில் மூப்பருக்குக் கொடி கடல் நீலமா இருக்கவேணும். அப்ப வெளிநாட்டுத் துணி நாட்டுக்குள்ளை வராத காலம். கூட்டுறவுச் சங்கக்கடையிலை இடிபட்டு நிண்டு வாங்கவேணும், அவங்கள் தாறதுதான் நிறம். கொண்டுவந்து காட்டினன். வெயிலிலை பிடிச்சுப் பாத்திட்டு இல்லையெண்டு தலையாட்டினார். சாயத்திலை தோய்ச்சுக் காட்டினன். அதுக்கும் தலையாட்டல். "மூப்பர், கடல் காலமை ஒரு நிறம், மத்தியானம் ஒரு நிறம். உங்களுக்கு எந்தக் கடல் வேணும்?" எண்டு வாய்விட்டே கேட்டுட்டன். அந்த மனுசன் துளியும் கோவிக்கேல்லை: "வலை நிறைஞ்சு வாற அண்டைக்குக் கிடக்குமே, அந்த நீலம் பிள்ளை."

மயிலின்ரை கண்

பள்ளிவாசல் கந்தூரிக் கொடிக்கு முஸ்லிம் அண்ணை ஒருத்தர் வருவார், நாங்கள் நானா எண்டுதான் கூப்பிடுவம். பச்சைத் துணி, பிறை, நட்சத்திரம். உயிருள்ளது ஒண்டும் கூடாது. அப்பாடா, வால் இல்லாத வேலை எண்டு நான் சந்தோசப்பட்டன். கதிரையிலை இருந்த நானாவோ நெளியிறார், தேத்தண்ணி ஆறுது. என்னெண்டு பாத்தால், மெசினிலை முருகன்ரை மயில்! இடையிலை கழட்டினால் தையல் பிசகும், ஏலாது எண்டன். "கழட்ட வேண்டாம் தங்கச்சி. அந்தக் கண்ணுக்கு மேலை மட்டும் ஒரு துணியைப் போடுங்கோ, என்னையே பாக்குது."

ஒரு கட்டைச் சரிகை

நானாவையின்ரை மாதம் பிறையைப் பாத்து வருசாவருசம் முன்னுக்கு வரும். ஒரு வருசம் அது வந்து மற்ற ரெண்டு திருவிழாவோடையும் முட்டிச்சுது. மூண்டு பேருக்கும் சரிகைக் கரை வேணும். என்னட்டைக் கிடந்தது ஒரே ஒரு நூல்கட்டைச் சரிகை, கடையளிலையும் இல்லை. ஒருத்தருக்குப் போட்டு மற்றவருக்கு விட்டால், அவர் கோவிச்சுக்கொண்டு யாழ்ப்பாணத்திலை வேறை ஆளைப் பிடிச்சிடுவார். மாரியிலை கடலுக்குப் போகேலாத நாளிலை எங்கடை அடுப்பு எரியிறதே இந்த மூண்டு கொடியாலைதான். ஒண்டு போனாலும் பட்டினி. நல்லாப் பயந்துபோனன்.

நூல் ஆகக் குறையச் செலவாகிற கரை எதெண்டு யோசிச்சன். அலை அலையா வளைஞ்சு போற ஒற்றை வரி. மூண்டுக்கும் அதையே போட்டன். ஒருத்தற்றை கரை மற்றவருக்கும் கிடக்கெண்டு தெரிஞ்சால் துலைஞ்சன். அதாலை ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு நாள் வரச்சொன்னன். கேட்டால்தானே! மூண்டு பேரும் ஒரே காலமை வந்து நிக்கினம். கொடி மூண்டும் கட்டிலிலை விரிச்சபடி கிடக்கு.

குனிஞ்சு குனிஞ்சு பாத்தினம். "ஓம், ஒரே கரைதான், ஒரே கட்டைச் சரிகைதான். என்னை வெட்டினாலும் இனி நூல் இல்லை!" எண்டு கத்திப்போட்டன். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கேல்லை. விரலை வைச்சு அலையளை எண்ணுறதிலை நிண்டினம்.

பிறகு மனேச்சர் என்னைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய்க் காதுக்குள்ளை ஒரு கதை சொன்னார். மூப்பர் வாசல் படலையடியிலை நிண்டு அதையே சொன்னார். பாதி வழி போன நானாவும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார்: "கரை நல்லாத்தான் கிடக்கு தங்கச்சி. வாற வருசமும் இதையே போடுங்கோ. ஆனால் எங்கடையிலை மற்ற ரெண்டையும் விட ஒரு அலை கூட இருக்கவேணும்."

மூண்டு கொடியிலை ஒவ்வொண்டுக்கும் மற்ற ரெண்டையும் விட ஒரு அலை கூட வைக்கிற கணக்கு எந்தக் கடவுளுக்கும் வராது, நான் எந்த மூலைக்கு?