நேராக வெட்டிய கறுப்புத் துணி

தென்காசியில் மசூதைப் பற்றிக் கேட்டால் துபாய்க்குப் போயும் சம்பாதிக்கத் தெரியாமல் திரும்பி வந்தவன் என்பார்கள். அல்லது, தான் செய்த பொருளை ஊர் பார்க்கத் தானே உடைத்தவன் என்பார்கள். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் பட்டறைக்கு எதிரில்தான் என் சைக்கிள் கடை. உடைத்த அன்றைக்கு நானும் கூட நின்றவன்.

மசூது தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. வாப்பா கைலி நெய்தவர். அந்த வீட்டில் துணியைக் கோணலாக வெட்டினால் முதுகில் அடி விழும். அடுப்படிக்குக் கரித்துணி கிழிப்பதானாலும் நூல் ஓடுகிற போக்கிலேயே நேராகக் கிழிக்க வேண்டும். கோணலாக வெட்டினால் மூலைகள் வீணாகும், நெய்தவன் பாடு குப்பைக்குப் போகும் என்பார் வாப்பா. எழுபத்தைந்து வாக்கில் துபாய்க்குப் போன மசூது தறியை மறந்துவிட்டான். இந்தப் பழக்கம் மட்டும் கையோடு போயிற்று.

அங்கே முதலில் ஃபைபர் படகு செய்கிற கம்பெனியில் இருந்தான். பிறகு பாலைவனத்தில் ஓடும் பந்தயக் கார்களைத் தயார் செய்யும் பட்டறையில் சேர்ந்தான். ஒரு பந்தயத்தில் மணல்மேட்டில் உருண்ட காரிலிருந்து ஆளை எடுக்கப் போனவர்களில் இவனும் ஒருவன். உள்ளே கொல்லத்துக்காரப் பையன் ஒருவன் சிக்கியிருந்தான். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளைப் படித்துச் சொல்கிற வேலை அவனுக்கு. கதவு உள்பக்கமாக மடங்கி அவன் இடுப்பை நெரித்திருந்தது. வெளியே எடுக்கிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தானாம். எடுத்த பிறகு பேசவில்லை. இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் மசூது கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவான்.

அதன் பிறகுதான் அந்தப் பட்டறைக்குக் கார்பன் துணி வந்தது. கறுப்பாக மினுங்கும், கையில் எடுத்தால் கனமே இருக்காது. ரெசின் பசையைத் தடவி அடுக்கடுக்காக ஒட்டி இறுகவிட்டால் இரும்புக்கு ஈடு கொடுக்கும். சீமைப் பந்தயங்களில் ஓட்டுகிறவர் உட்காரும் கூட்டையே அதில் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். ஓர் அடுக்கை நேராகவும் அடுத்ததைக் கோணலாகவும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்று அங்கிருந்த மேஸ்திரி சொல்லிக்கொடுத்தார். கார் நேராக மட்டுமா மோதும், முறுக்கிக்கொண்டும்தான் மோதும். கம்பெனித் துணி என்பதால் மசூதும் கோணலாக வெட்டினான்.

எண்பத்துமூன்றில் ஊருக்குத் திரும்பியபோது மேஸ்திரி அந்தத் துணியில் ஒரு சிறு சுருள் கொடுத்தனுப்பினார். செங்கோட்டை சாலையில் பட்டறை போட்டு, பஸ் சீட்டும் தண்ணீர்த் தொட்டியும் செய்துகொண்டிருந்தான் மசூது. கறுப்புத் துணி பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

பஸ் முதலாளி மகன் லட்சுமிநாராயணனுக்குக் கார்ப் பந்தயப் பித்து. எண்பத்தைந்தில் குற்றாலத்தில் தொடங்கி மலைப்பாதையில் ஏறும் பந்தயம் ஒன்றுக்குத் தன் பழைய ஃபியட்டைத் தயார் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்து வளைவு சொல்லப் போகிறவன் மசூதின் ஒரே தம்பி கிதிர் முகம்மது. லட்சுமிநாராயணனின் ஷெட்டில் மெக்கானிக். அந்தச் சீட்டுக்காக ஒரு வருஷமாகத் தவம் கிடந்தான். மசூதுக்கோ கொல்லத்துப் பையனின் நினைப்பு. தம்பி பக்கத்துக் கதவில் மோதலைத் தாங்க வைத்திருந்த கனமான இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டுக் கார்பன் பலகை வைத்துத் தருகிறேன் என்று தானாகவே போய்ச் சொன்னான்.

சாரல் காலத்து ஈரத்தில் ரெசின் இறுக மாட்டேன் என்றது. பலகையைச் சுற்றிக் கரி அடுப்பு வைத்துக் காத்திருந்தான். ஒருவழியாக முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்தீயளா அண்ணாச்சி, ஒரு துண்டு வீணாகல."

கிதிர் அந்தப் பலகையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான். அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். "காக்கா செஞ்ச பலகைக்குப் பின்னால உக்காருதேன். எனக்கென்ன பயம்?"

பந்தயத்துக்கு முந்தின நாள் ராத்திரி. கார் குற்றாலத்துக்குப் போய்விட்டது. மசூதின் மனைவி ஹாஜரா பீவி தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவள். சாப்பிட வந்த மசூது, அவள் துணியை மூலைவாட்டில் போட்டு வெட்டுவதைப் பார்த்துச் சத்தம் போட்டான்.

"ஏட்டி, துணியக் கோணலா வெட்டுதியே, மூலையெல்லாம் வீணாப் போவுதுல்லா?"

"நேரா வெட்டுனா கையத் தூக்குத அன்னைக்கே கம்புக்கூட்டுல கிழிஞ்சிரும். இழுவ கோணலாத்தானே வருது?" என்றாள் அவள், கத்தரியை நிறுத்தாமல்.

மசூது சோற்றைத் தொடவே இல்லையாம். மேஸ்திரி சொன்னது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொந்தத் துணி, கொஞ்சம்போலத் துணி என்றதும் கை வாப்பா வீட்டுக் கையாகிவிட்டது. எல்லா அடுக்கையும் நேராகவே வெட்டி, நேராகவே வைத்திருந்தான்.

விடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு குற்றாலம் போனான். எண்ணெய்த் தலையும் ஈரத் துண்டுமாக அருவிக்குப் போகிற கூட்டம் கார்களைச் சுற்றி நின்றது. மசூது விஷயத்தைச் சொன்னதும் லட்சுமிநாராயணனுக்கு முகம் சிவந்தது.

"இரும்புக்கு ஈடுன்னு சொன்னது நீருதானே பாய்? இப்ப வந்து கழட்டுங்கீரு?"

"உடைச்சே காட்டுதேன் மொதலாளி" என்றான் மசூது.

பலகையைக் கழற்றி இரண்டு கல்மேல் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அடித்தான், அதற்கும் மறுபடி. கீறல்கூட விழவில்லை. கூட்டம் கை தட்டியது. "போதும் காக்கா, ஒன் வேலய நீயே சந்தேகப்படுதியே" என்று கிதிர் தோளைப் பிடித்தான். அந்த இடத்தோடு விட்டிருந்தால் ஊரே மசூதைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கும். அவன் என்னைப் பார்த்தான். உடையக் கூடாதே என்று அவனும் ஆசைப்பட்டான் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

பிறகு பலகையின் ஒரு முனையைச் சுவர் இடுக்கில் செருகினான். மறுமுனையில் இருந்த போல்ட் துளைகளில் கடப்பாரையைச் சேர்த்துக் கட்டி, "அண்ணாச்சி, அந்தப் பக்கம் பிடிச்சு முறுக்குங்க" என்றான். இருவரும் முறுக்கினோம். பெரிய பலம்கூடத் தேவைப்படவில்லை. நூல் ஓடிய போக்கிலேயே இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பிளந்தது.

குழாய்களைத் திரும்ப வெல்டிங் வைக்க நேரமில்லை. வண்டி கிளம்பவில்லை. கிதிர் இரண்டு துண்டுகளையும் எடுத்துச் சேர்த்துச் சேர்த்து வைத்துப் பார்த்தான். பிறகு கீழே போட்டான்.

"ஊரு முன்னால என்னய இப்படி ஆக்கிட்டியே" என்றான். அண்ணனிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு அது.

மறு வருஷம் லட்சுமிநாராயணன் இரும்புக் கூண்டோடு வேறொருவனை உட்கார வைத்து ஓட்டினார். கிதிர் ஷெட்டை விட்டு வேறு வேலைக்குப் போனான். பந்தயக் காரில் அவன் இன்றுவரை ஏறவே இல்லை. பெருநாள் தொழுகை முடிந்தால் வரிசையாக எல்லாரையும் கட்டிப்பிடிப்பான், அண்ணன் முறை வரும்போது செருப்பைத் தேடப் போய்விடுவான். உம்மா மௌத்தாகி அடக்கத்துக்குக் கொண்டுபோனபோது சந்தூக்குப் பெட்டியின் முன்னால் ஒருவன், பின்னால் ஒருவனாகத் தோள் கொடுத்தார்கள். அன்றைக்கும் பேசவில்லை. பிளந்த பலகை ஹாஜராவின் அடுப்படியில் விறகு நனையாமல் மூடிக் கிடக்கிறது.

போன சாரலில் நான் மனம் பொறுக்காமல் கேட்டேன். "சம்மட்டி அடியோட விட்டிருந்தா, தம்பி இன்னைக்கும் பேசிக்கிட்டு இருப்பாம்லா?"

"பேசியிருப்பான் அண்ணாச்சி. வண்டிக்குள்ள இருந்து எடுக்குத வரைக்கும் பேசியிருப்பான்" என்றான்.

கிதிர் இன்றைக்கும் என் கடையில்தான் சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறான். எதிர்ப் பட்டறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். அந்த நேரம் அங்கே உளிச் சத்தம் நின்றுவிடும். இவன் பெடலை மிதித்துச் சாலை திரும்புகிற வரைக்கும் மசூது வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போவான்.