ஒலிபெருக்கியில் ஒரு பெயர்

இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பொன்னையாவின் தப்பு மேளம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. விடியுமுன் அவர் அடித்தால்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் விழிக்கும், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூட்டம் சேரும், வேலை பிரியும். கல்யாணம், சாவு, காமன் கூத்து எல்லாவற்றுக்கும் அவர்தான். இவ்வளவு செய்தவரை எல்லாரும் கூப்பிட்டது "ஏய் தப்பு" என்றுதான். பெயரைச் சொன்னால் வாய் வலிக்கும் போலிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் தடவையாக ஹட்டனிலிருந்து ஒலிபெருக்கி வந்தது. தொழிலாளரை மேய்க்கும் பெரிய கங்காணி கணேசமூர்த்தி மைக்கை விடவேயில்லை. தேங்காய் கொடுத்தவர் பெயர், பந்தல் போட்டவர் பெயர், செருப்பைத் தொலைத்தவர் பெயர்கூட மலையெங்கும் முழங்கியது. பொன்னையாவுக்கும் ஆசை வந்துவிட்டது.

"ஐயா, என் பேரையும் ஒருதடவ அதுல சொல்லுங்க. வீட்டுல உள்ளவ லயத்துல இருந்தே கேப்பா."

"சொல்லுவோம், சொல்லுவோம். மொதல்ல வித்துவான் வரட்டும்."

வித்துவான் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட நாதஸ்வரக்காரர் மகாலிங்கம், பாதையில் மண் சரிந்ததால் நடுவழியில் நின்றுவிட்டார். சாமி புறப்பட்டாக வேண்டும். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த பொன்னையா அப்போதுதான் கங்காணியின் கண்ணில் பட்டார்.

அன்று அவர் அடித்த அடிக்கு, சிரிப்பதே கௌரவக் குறைவு என்று நினைக்கும் கணக்கப்பிள்ளைகூட தலைப்பாகை அவிழ்ந்தது தெரியாமல் குதித்தார். கங்காணி மைக்கைப் பிடித்தார். பொன்னையா நிமிர்ந்து நின்றார்.

"இப்போது உங்களையெல்லாம் ஆட வைத்துக்கொண்டிருப்பவர் இன்னிசை வேந்தர், நாதக் கடல், மகாலிங்கம் அவர்கள்!"

யாரோ கங்காணியின் காதைக் கடித்தார்கள். அவர் திருவிழா நோட்டீசைத் தூக்கிக் காட்டினார்.

"அச்சடிச்சத மாத்தி வாசிச்சா தோட்டத்துக்குத்தானேய்யா கேவலம்?"

வித்துவானுக்கு வாங்கிய ரோஜா மாலையை வீணாக்கக் கூடாதென்று மைக்குக்கே போட்டார்கள். அதற்கும் கூட்டம் கைதட்டியது.

மறுநாள் தப்புச் சத்தம் இல்லை. திருவிழாக் களைப்பில் தோட்டமே போர்த்திக்கொண்டு தூங்கியது. பெரட்டுக் களத்தில் தோட்டத்தை நடத்தும் துரையும் அவருடைய நாயும் மட்டும் நின்றார்கள். துரை கடிகாரத்தைப் பார்த்தார். தாமதமாக எழுந்து வந்த கங்காணி, இன்னும் கழற்றாமலிருந்த ஒலிபெருக்கிக்கு ஓடினார்.

"பொன்னையா! எங்கய்யா போன? பொன்னையா!"

கங்காணிக்கு அந்தப் பெயர் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். மேட்டு லயம் முதல் பள்ளத்து லயம் வரை ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கங்காணி விடாமல் கத்தினார்.

பொன்னையா தப்பைச் சுவரில் மாட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மனைவி நாகலெட்சுமி பதறினாள்.

"எந்திரிச்சுப் போங்களேன்! வேலையே போயிரும்!"

"இரு புள்ள," என்றார் பொன்னையா. "இன்னும் பட்டம் ஒண்ணும் சொல்லல."