அண்ணி தேர்ந்தெடுத்த வக்கீல்

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் அவருக்குச் சலவை மேஸ்திரி என்று பெயர். பெரிய டாக்டர்கூட வழியில் பார்த்தால் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். அண்ணி மனம் வைக்காவிட்டால் ஆபரேஷன் அறைக்கு ஒரு பச்சைத் துணி மேலே போகாது. அந்த அதிகாரத்தை அண்ணி ஒருநாளும் யாரிடமும் காட்டியதில்லை. நானாக இருந்தால் காட்டியிருப்பேன்.

சலவைப் பகுதி கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. பேருக்குக்கூட ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குத் துவைக்கிற மெஷின்கள், எதிரே உலர்த்துகிற மெஷின்கள். நடுவில் ஈர விரிப்பை விழுங்கி, இஸ்திரி போட்டு அந்தப் பக்கம் தள்ளுகிற பெரிய உருளை. அந்தச் சூட்டில் கால்மணி நேரம் நின்றால் நமக்கே இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிடும். அண்ணி தன் இளமை முழுவதையும் அங்கேதான் கழித்தார். ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர், மருந்துக்கறைக்கு வேறு பவுடர் என்று கறையின் குலம் கோத்திரம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால் வெளியிலும் மனுஷர்களைப் பார்க்கும்போது முகத்தை அப்புறம்தான் பார்ப்பார். முதலில் காலர், பிறகு கைமடிப்பு.

தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போனபோது என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பையன். அண்ணி அப்போதுதான் அந்த வேலையில் சேர்ந்திருந்தார். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம், "தம்பி படிப்பு முடியட்டும்" என்பாராம். படிப்பும் முடிந்தது, கல்யாணமும் ஆனது. தம்பிக்கு. இதைச் சொல்லி அண்ணி தானே சிரிப்பார். எனக்கு என்னவோ சிரிப்பு வராது.

கோட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோட்டு என்பது ஆள். என் வீட்டுக்காரரோடு காலேஜில் படித்தவன். சட்டம் படிக்கும்போது தங்க இடம் இல்லையென்று இவர்கள் வீட்டு முன்னறையில் வந்து ஒட்டிக்கொண்டான். பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே கறுப்புக் கோட்டு தைத்து, கண்ணாடி முன்னால் நின்று வாதாடிப் பார்த்தவன். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். தம்பி சட்டையோடு அவன் சட்டையையும் அண்ணியே துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தார். வக்கீலாகி, கல்யாணமாகி, தனி ஆபீஸ் போட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறைய வெள்ளைச் சட்டை அண்ணி வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. "அக்கா கை பட்டாத்தான் கேஸ் ஜெயிக்குது" என்பான். அண்ணி அதற்கே குளிர்ந்துபோவார்.

அண்ணிக்கு இருந்தது ஒரே ஆசை. வெயில் விழுகிற கொல்லையோடு சொந்தமாக ஒரு வீடு. வாடகை வீட்டில் சமையலறைக்குக் குறுக்கே கொடி கட்டித்தான் துணி காய்ந்தது. எதை உடுத்தினாலும் எண்ணெய் வாசனை. "ஊரார் துணியெல்லாம் மெஷின் சூட்டுல காயவச்சே காலம் போயிடுச்சு. என் துணியாவது வெயில்ல காயட்டும்டி" என்பார்.

ஓய்வு பெறப்போகிற வருஷம் அப்படி ஒரு வீடு அமைந்தது. ஒரு வாத்தியாருடையது. மகள் வீட்டோடு போய்விடுகிறேன் என்று விற்றார். இரண்டு அறை, சமையலறை, பின்வாசலைத் திறந்தால் வீட்டை விடப் பெரிய கொல்லை. அண்ணி வீட்டுக்குள் சுற்றிப் பார்க்கவே இல்லை. நேரே கொல்லைக்குப் போய் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். "சாயந்தரம் வரைக்கும் வெயில் இருக்குமா?" என்று வாத்தியாரிடம் கேட்டார். "பின்பக்கம் மரமோ மாடியோ கிடையாது, தாராளமா இருக்கும்" என்றார் அவர். சரி என்று அங்கேயே சொல்லிவிட்டார். விலை பேசினதும் வீடு, கொல்லை எல்லாம் சேர்த்துத்தான்.

அடுத்தது வக்கீல். கோட்டு இருக்க வேறு யோசனை எதற்கு என்றார் அண்ணி. வீடு விஷயம், எதற்கும் இன்னொருவரையும் கேட்டுவிடலாம் என்று நான்தான் வற்புறுத்தி, ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிற வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனேன். சின்ன அறை. நாற்காலியில் இருந்த கேஸ் கட்டுகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். வாங்க, எப்படி இருக்கீங்க என்றெல்லாம் இல்லை.

"கொல்லையை அளந்து பாத்தீங்களா?"

"அளக்கறதுக்கு என்ன இருக்கு? கண்ணால பாத்தேன்."

"கண்ணால பாத்ததைப் பத்திரத்துல எழுத முடியாதும்மா. விக்கிறவருக்கு யாரு வக்கீல்?"

"எங்க தம்பி மாதிரி ஒருத்தன் இருக்கான். ரெண்டு பக்கத்துக்கும் அவனே பாத்துக்கறேன்னு சொல்றான். வீண் அலைச்சல் இருக்காதில்ல?"

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு பக்கமும் உக்காந்தவர், தகராறுன்னு வந்தா யார் பக்கம் எழுந்திரிப்பார்?"

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. படியிறங்கும்போதே ஆரம்பித்தார். "என்னடி இவ, போலீஸ் மாதிரி கேக்கறா? கைமடிப்புல டீக்கறை, பாத்தியா? இன்னிக்குக் கறை இல்ல, நேத்துக் கறை. தன் சட்டையப் பாத்துக்கத் தெரியாதவ என் வீட்டை எப்படிப் பாப்பா? நம்ம கோட்டு காலரைப் பாரு, ஒரு அழுக்குக் கோடு இருக்காது."

"அண்ணி, அந்தக் காலரைத் துவைக்கிறதே நீங்கதானே?"

படியிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார், "அதனாலதான்டி சொல்றேன். அவன் துணியெல்லாம் என் கையால வெளுத்துத்தான் போகுது. எனக்குத் தெரியாம அவன்கிட்ட என்ன இருந்துடப்போகுது?"

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் வீடு, அவர் உழைப்பு. நடுவில் தம்பி பெண்டாட்டி மூக்கை நுழைத்தாள் என்று பேர் வாங்குவானேன்.

பதிவு அலுவலகத்தில் கூட்டம் நெரிந்தது. வரிசையாகப் பெஞ்சுகள், மேலே தலையாட்டிக்கொண்டே காற்று வராத ஃபேன். கோட்டு பளபளவென்று வந்திருந்தான். முதல் நாளே பத்திரத்தை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, "நீ ஒரு தடவை படிச்சிடு, நீதான் சாட்சி" என்று சொல்லியிருந்தான். அங்கே வாத்தியார் முன்னிலையில் கோட்டு அதை வாசித்தான். முதல் பக்கத்தைக் கோயில் மணி மாதிரி நிறுத்தி வாசித்தவன், எல்லை வருகிற இடத்தில் பஸ் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஓடினான். அண்ணிக்குப் படிக்கத் தெரியும். பேப்பரை விளம்பரம் உட்பட ஒரு வரி விடமாட்டார். ஆனால் கோட்டு கையிலிருந்து பத்திரத்தை வாங்கி அவன் எதிரிலேயே படித்துப் பார்ப்பதா? அவனை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? அதை அவர் செய்வாரா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி தலையை ஆட்டினார். அண்ணி கையெழுத்துப் போட்டார்.

குடிபோன அடுத்த நாளே கொல்லையில் கொடி கட்டியாகிவிட்டது. நான் போனபோது அண்ணி நாற்காலியைப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்து, துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வேலையே இல்லாமல், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டைக் கொடியிலிருந்து உருவி என் மூக்கில் வைத்து, "மோந்து பாரு, எண்ணெய் வாசனையே இல்ல" என்றார். அந்த முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அடுத்த முறை நான் போனபோது கொல்லையில் ஒரு கொத்தனாரும் இரண்டு ஆட்களும் நூல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பின்வாசலை ஒட்டி ஒரு முழம் விட்டு, நீளமாகச் சுண்ணாம்புக்கோடு. காயப்போட்ட துணியெல்லாம் சுருட்டி வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தது.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?" என்றார் அண்ணி.

"இடத்துக்காரங்கதான் சுவர் எடுக்கச் சொன்னாங்கம்மா."

"இடத்துக்காரி நான்தான்யா."

கொத்தனார் பாவம், குழம்பிப்போய்த் தலைத்துண்டை அவிழ்த்தார். "இல்லீங்கம்மா. வக்கீல் சார் வீட்டம்மாதான் இடத்துக்காரங்க. நேத்து அவங்களே வந்து நின்னு காட்டிட்டுப் போனாங்க."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. கோட்டு ஆபீசில்தான் இருந்தான். எழுந்து, நாற்காலி இழுத்துப்போட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அண்ணி உட்காரவில்லை.

"கொல்லை யாருதுடா?"

"அக்கா, உக்காருங்க முதல்ல. நீங்க வீடு வேணும்னுதானே கேட்டீங்க? வீடு உங்க பேர்ல சுத்தமா முடிஞ்சாச்சு. ஒரு வில்லங்கம் கிடையாது. அவ்வளவு பெரிய இடத்தைக் கூட்டிப் பெருக்க இந்த வயசுல உங்களால முடியுமா? உங்களுக்கு வேண்டாம்னுதான் வாத்தியார்கிட்ட சொல்லி, தனியா என் வீட்டுக்காரி பேருக்கு மாத்தி வச்சேன். அன்னியனா வாங்கிட்டான்? ஒரு சின்ன ஆபீஸ் போடப்போறேன். நான் பக்கத்துலயே இருந்தா உங்களுக்கும் துணைதானே?"

பேசிய விலை முழுவதும் போனது அண்ணியிடமிருந்து. கொல்லை போனது இவன் பெண்டாட்டி பேருக்கு. இதில் துணை வேறு! மேசைமேல் இருந்த மைக்கூட்டை எடுத்து அவன் வெள்ளைச் சட்டையில் கொட்டலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. "என்னை ஏமாத்திட்டியேடா" என்றார்.

"ஏமாத்தறதா? என்னக்கா பெரிய வார்த்தையெல்லாம் சொல்றீங்க? ஒளிச்சு மறைச்சா செஞ்சேன்? எல்லையெல்லாம் தெளிவா எழுதித்தானே இருக்கு. உங்க தம்பியும் படிச்சுப் பாத்துத்தான் சாட்சி போட்டான். அவனையே கேளுங்க."

 அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் தெரிந்திருக்குமோ என்று தேடுகிற பார்வை. "சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி" என்றேன். அவர் நேரே எங்கள் வீட்டுக்கு நடந்தார்.

என் வீட்டுக்காரர் வீட்டில்தான் இருந்தார். அக்கா வாசலில் நின்ற நிலையைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. டிவியை நிறுத்தினார்.

"பத்திரத்தைப் படிச்சியாடா?"

"படிச்சேன்க்கா."

"கொல்லை இல்லன்னு தெரியுமா?"

"தெரியும். நான் கேட்டேன் அவன்கிட்ட. ஆபீஸ் போட இடம் இல்லாம அலையறேன், உங்க அக்காவுக்கு வீடு போதாதாடான்னான். பொண்டாட்டிகிட்ட வேற சொல்லிட்டானாம். அத்தனை பேர் முன்னால வச்சு நான் எப்படிக்கா... அவன் முகம் வாடிப்போயிருக்குமேன்னு..."

"அவன் முகத்தைப் பாத்தே. சரி. நான் உன் முகத்தைப் பாத்தேனேடா. பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்துக் காசு வாங்கவில்லையாம், தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லையாம், அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். காசு வாங்கியிருந்தாலாவது எனக்குப் புரிந்திருக்கும். சிநேகிதன் மனம் நோகக் கூடாது என்று, சோறு போட்டு ஆளாக்கினவரின் வாயில் மண்ணைப் போட்ட மனுஷனை என்னவென்று சொல்வது? கட்டின புருஷன்தான். ஆனால் அன்றைக்கு அந்த ஆளைப் பார்க்கவே எனக்குக் கூசியது. அண்ணி காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அந்த வாரமே சுவர் எழும்பிவிட்டது. பின்வாசல் கதவைத் தள்ளினால் பாதியில் சுவரில் இடிக்கும். அண்ணி சமையலறைக்குள் திரும்பவும் கொடி கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தார். வக்கீலம்மாவிடம் என்றார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வழி நெடுக நான் பேசியதற்கெல்லாம் "ம்" மட்டும்தான் பதில்.

வக்கீலம்மா நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரத்தைக் கடைசி வரை நிதானமாகப் படித்தார். "லேசுப்பட்ட காரியம் இல்லம்மா. ஆனா விடவும் கூடாது. ரெண்டு பக்கத்துக்கும் வக்கீலா இருந்துட்டு இடத்தைத் தன் வீட்டுக்கே எழுதிக்கிட்டிருக்கார், அதைப் பிடிக்கலாம்" என்றார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு என்னைக் காட்டி அண்ணியிடம், "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

நானே பதில் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி முந்திக்கொண்டார்.

"தெரிஞ்சவங்க" என்றார்.

இத்தனை வருஷத்தில் அண்ணி என்னை வாடி போடி என்றுதான் பேசியிருக்கிறார். காய்ச்சலில் கிடந்தபோது என் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. 

"அப்படின்னா கொஞ்சம் வெளியில இருங்கம்மா. இது அவங்க சொந்த விஷயம்" என்றார் வக்கீலம்மா.

எழுந்தேன். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தும்போது, "சரி, யார் யார் மேல கேஸ் போடணும்? பேர் சொல்லுங்க" என்று வக்கீலம்மா கேட்பது காதில் விழுந்தது.

"முதல்ல என் தம்பி பேரை எழுதிக்குங்க" என்றார் அண்ணி.