மருந்து இலைக்குச் சிவகாமி அம்மா சொன்ன பதில்

கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்து பதினொரு நாள் பஸ் வராத வருடம். இத்தலாரில் என் மருமகன் போட்ட கேரட் முழுவதும் பனியில் கருகியதும் அப்போதுதான். அந்த வருடம் எங்கள் தேயிலை ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குப் புரோகிராம் எழுதக் கோயமுத்தூரிலிருந்து சிவகாமி அம்மா வந்தார். அவர் போய்விட்டார் என்று சென்ற செவ்வாய்க்கிழமை அவர் தம்பி போனில் சொன்னார். இந்த வயதில் அழக்கூட அலுப்பாக இருக்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

ஃபேக்டரி கேட்டில் இறங்கும் இலையை அள்ளிப் பார்த்து வகை சொல்வது என் வேலை. நல்ல கொழுந்து, ஈர இலை, முற்றின இலை என்று சொல்வேன். சிவகாமி அம்மா ஒரு வாரம் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, எந்த எலைய என்ன பண்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க. வகைக்குத் தனியாப் பட்டியல் வேண்டாம். நான் எழுதறதப் பாத்து மெசினே ஊகிச்சுக்கும். ஒண்ணு விட்டுப்போனா அதுவே சத்தம் போடும்."

"அப்ப என்னைய ஊட்டுக்கு அனுப்பிருவீங்களா அம்மிணி?"

"மெசினுக்கு ஏதுங்க மூக்கு?" என்று சிரித்தார்.

மேனேஜருக்கு அவசரம். பேர் தெரியாத இலை வந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்றார். அதற்காகச் சிவகாமி அம்மா கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: மற்றதெல்லாம் வாடல் தொட்டிக்கு, அதாவது அரைக்கும் முன் கொழுந்தை வாட்டும் தொட்டிக்கு.

பிறகு ஒருநாள் ஒரு லோடில் பூச்சிமருந்து வாடை அடித்தது. "மருந்து எலை!" என்று கத்தினேன். நான் சொல்லும் வகையை மெசினில் அடிக்கும் கிளார்க் அன்று லீவு, மேனேஜரே டைப் அடித்தார். மெசின் சத்தம் போடவில்லை. தொட்டிக்கு என்று காட்டியது, ஆட்கள் கொட்டிவிட்டார்கள். நான் உள்ளே போவதற்குள் நல்ல கொழுந்தோடு கலந்துவிட்டது. தொட்டி இலை மொத்தத்தையும் குழி வெட்டிப் புதைத்தோம்.

"நீ சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா மெசின் நிறுத்தியிருக்கும். நாளைக்கு வராத" என்றார் மேனேஜர். இருபத்தாறு வருட வேலை.

மறுநாள் முதல் பஸ்ஸில் சிவகாமி அம்மா வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். அறையில் நாங்கள் மூன்றே பேர். அவர் திரையைக் காட்டினார்.

"பாருங்க சார், மருந்துன்னு நீங்கதான் அடிச்சிருக்கீங்க. அண்ணன் சொல்லாம அந்தப் பேரு எப்படி வரும்?"

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"என் தப்புங்க. 'மத்ததெல்லாம்'னு எழுதுனேன். எது வந்தாலும் சம்மதம்னு மெசின் ஊகிச்சிருச்சு. விட்டுப்போனது எதுவுமே இல்லைன்னு ஆன பொறகு அது எதுக்குங்க சத்தம் போடும்? இனி வகைக்குத் தனியாப் பட்டியல் போட்டாகணுமுங்க."

அந்தப் புரோகிராமைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே வேறு யாருமில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். வரி கேட்டது மேனேஜர்தான் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இப்பப் பட்டியல் போட எந்த இன்ஜினியரக் கூப்புடறது?" என்றார் மேனேஜர், குத்தலாக.

"இதோ நிக்கறாருங்களே."

அந்த வரியை அழித்தார். நான் சொல்லச் சொல்லப் பதினொரு வகை எழுதினார். "இதோட சரி, வேற வந்தா நில்லுன்னு நாமதான் சொல்லணுமுங்க. அதுவா ஊகிக்காது" என்றார். என் வேலை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அவரை அதன்பின் இந்த மலையில் எந்த ஃபேக்டரியும் கூப்பிடவில்லை.

துக்கம் கேட்கப் போன வீட்டிலும் ஒருவர், "புரோகிராம் சரியில்லைன்னு அனுப்பிட்டாங்களாமே?" என்றார். எழுந்து பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் அவரை அறிந்த உங்களுக்கு இங்கே சொல்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அன்று காலை அவர் சொன்ன 'என் தப்புங்க' மட்டும்தான். மேனேஜரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதைக் காதால் கேட்டவர்களில் மிச்சம், கேட் மாரிமுத்து என்கிற நான் ஒருவன்தான்.