உக்காருங்க அம்மணி

எங்கள் ஊர்ப் பக்கம் மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. சண்டையில் கை ஓங்குகிறவன்கூட "அடிச்சுப்போடுவேனுங்க" என்றுதான் ஓங்குவான். அவ்வளவு மரியாதையிலும் எனக்கு ஆகவே ஆகாத ஒரு சொல் உண்டு. "உக்காருங்க" என்பதுதான் அது. கல்யாண வீட்டில் மண்டபப் படி ஏறும் முன்பே "நீங்க உக்காருங்க அம்மணி" என்பார்கள். தேர் வருகிறது என்று எல்லோரும் முன்னால் ஓடும்போது, யாரோ ஒரு புண்ணியவான் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து எனக்குப் பின்னால் போட்டுவிட்டு ஓடுவார். அதில் உட்கார்ந்தால் தேர் தெரியாது. முன்னால் நிற்கிறவர்களின் முதுகுதான் தெரியும். கோயமுத்தூர் ஜில்லாவில் என்னைப் போல முதுகு பார்த்தவள் வேறு யாரும் இருக்க மாட்டாள்.

சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப் போனது. காலில் தொடைவரை காலிப்பர் போட்டிருப்பேன். இரண்டு இரும்புக் கம்பி, நாலைந்து தோல் பட்டை, அடியில் ஒரு பூட்ஸ். கக்கத்தில் ஒரு கட்டை. இவ்வளவும் இருந்தால் நான் எங்கும் போவேன். துடியலூரில் வாழ்க்கைப்பட்ட பிறகு, பக்கத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதனாலேயே எல்லோருக்கும் பரம சந்தோஷம்.

தொண்ணூறுகளின் நடுவில், மேட்டுப்பாளையம் ரோட்டில் மலையடிவாரத்தை ஒட்டித் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா ஒன்று வந்தது. போய்வந்தவர்கள் வேறு பேச்சே பேசவில்லை. சறுக்கு மரம் மாடி உயரமாம். குளத்தில் சங்கு ஊதினால் கடல் மாதிரி அலை அடிக்குமாம். மில் சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும், அதுதான் நாங்கள் அறிந்தது. சங்கு ஊதினால் அலை வரும் என்று கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்றால் எனக்கு நீச்சல் தெரியும். நன்றாகவே தெரியும்.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு பெரியது. அண்ணன்கள் நாள் முழுக்க அதில்தான் கிடப்பார்கள். என்னை மேலே உட்கார வைத்தால் அழுது ஊரைக் கூட்டுவேன். தொல்லை பொறுக்காமல் ஒரு நாள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி உள்ளே போட்டுவிட்டார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் குடுக்கை தேவைப்படவில்லை. மேலே அவர்கள் ஓடினால் நான் பின்தங்குவேன். தண்ணீருக்குள் அவர்கள்தான் பின்தங்குவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நீச்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பொண்ணு பார்க்க வந்தபோது சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். நீந்தத் தெரியுமா என்று என்னை எவர் கேட்கப் போகிறார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பெரியவர்களும் ஒரு கைக்குழந்தையுமாகக் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, அக்காவின் கணவர். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். நங்கையின் குழந்தைக்கென்று ஒரு தள்ளுவண்டி இருந்தது. சிங்கப்பூரில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்தது. தடித்த குழாய், நாலு சக்கரம், காலால் மிதித்தால் பூட்டிக்கொள்ளும் பிரேக். அந்தக் குழந்தை இடுப்பை விட்டு இறங்காது. ஆனாலும் வண்டி இல்லாமல் நங்கை வாசல் தாண்ட மாட்டார்.

நான் சுடிதார் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்ததும், "சேலை கட்டலியா கண்ணு?" என்று கேட்டார் நங்கை.

"பஸ்ஸுல ஏற இறங்கச் சுளுவா இருக்குமுங்க" என்றேன். பருத்தித் துணிக்கும் சேலைக்கும் குளத்தில் அனுமதி இல்லை, நைலான்தான் உடுத்த வேண்டும் என்று கம்பெனியில் விசாரித்து வைத்திருந்தேன். என் சுடிதார் அசல் நைலான். வெயிலில் உடம்பு புழுங்கியது. எத்தனை புழுங்கினாலும் இன்றைக்குத் தண்ணீரில் இறங்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

பூங்கா வாசலில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று பெரிய போர்டு. நங்கை அதை முழுசாகப் படித்துவிட்டு, தக்காளிச் சோறு நிறைந்த அடுக்குப் பாத்திரத்தைத் தள்ளுவண்டியில் வைத்து, அதன்மேல் குழந்தையின் துணிகளைப் பரப்பினார். மேலே துண்டுகள், தண்ணீர் ஜாடி. வாசல்காரர் குனிந்து பார்த்துச் சிரித்தார், குழந்தையின் கன்னத்தைத் தட்டினார், வண்டியை உள்ளே விட்டார். தள்ளுவண்டிக்கு அப்படி ஒரு ராஜமரியாதை.

அலைக் குளத்துக்குப் போகும் கேட்டில்தான் எனக்கு வினை வந்தது. விசில் மாட்டிய காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

"கட்டை உள்ள வரக்கூடாதுங்க அம்மணி. ஈரத் தரைங்க, வழுக்கி உட்டுரும். ரூல்ஸுங்க."

"கட்டை இல்லாம நான் எப்படிங்க வாரது?"

"நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க? நெழல்ல சேர் போட்டுத் தாரனுங்க. நீங்க உக்காருங்க."

சொன்னதோடு நில்லாமல் ஓடிப்போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, துண்டால் துடைத்தும் போட்டார். இப்படி மரியாதையாகத் தடுக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? வீட்டுக்காரரைப் பார்த்தேன். நல்ல மனுஷன். எனக்கு ஒன்று ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர்.

"விடு அம்மணி, கீழ உழுந்து வெச்சா வம்பு. நாங்க ஒரு முங்கு முங்கீட்டு வந்தர்றோம்" என்றார்.

"வண்டியையும் பையையும் பாத்துக்க கண்ணு" என்றார் நங்கை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போக, மற்றவர்கள் பின்னால் போனார்கள். எனக்கு மறுபடியும் முதுகுகள்.

ஆத்திரமாக வந்தது. கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். உள்ளே சங்கு ஊதியது. 'ஓ'வென்று ஒரே கூச்சல். எல்லோரும் அலையில் குதிக்கிறார்கள், நான் தக்காளிச் சோற்றுக்குக் காவல். அந்த எரிச்சலில் தள்ளுவண்டியை ஓர் உதை விட்டேன். நல்ல காலால்தான். வண்டி அசையவில்லை. பிரேக் போட்டிருந்தது, பாரமும் இருந்தது. கைப்பிடியைப் பிடித்து அழுத்திப் பார்த்தேன். சாயவில்லை. இன்னும் அழுத்தினேன். என் பாதி எடையைப் போட்டும் அப்படியே நின்றது.

காவலாளியைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, தள்ளுவண்டி உள்ள போலாமுங்களா?"

"அது கொளந்தை வண்டிங்க. தாராளமாப் போலாமுங்க."

"அதுக்கு ரூல்ஸு ஒண்ணும் இல்லீங்களே?"

"வண்டிக்கு என்னத்துக்குங்க ரூல்ஸு?"

எழுந்து நின்று காலிப்பரின் முட்டிப் பூட்டைச் சரி பார்த்தேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பிரேக்கை விடுவித்துத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தேன்.

"கொளந்தை எங்கீங்க?" என்றார் காவலாளி பதறிப்போய்.

"உள்ள இருக்குதுங்க. துணி கொண்டுபோயிக் குடுக்கோணும்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஈரத் தரையில் நாலு சக்கரமும் தரையைக் கவ்விக்கொண்டு போயின. வாசல்காரரை ஏமாற்றி வந்த தக்காளிச் சோறு அடியில் பாரமாக இருந்து, காவலாளியை ஏமாற்றி வந்த என்னையும் தாங்கியது. வழியில் ஒரு பெண்மணி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "அய்யோ, பார்த்து வாங்க. செத்த உக்காருங்க அம்மணி" என்றார்.

"உக்காரத்தான் போறனுங்க. தண்ணிக்குள்ள" என்றேன். அவர் திறந்த வாயை மூடவில்லை.

கரையில் வண்டியை நிறுத்திப் பிரேக்கை மிதித்தேன். தரையில் உட்கார்ந்து காலிப்பரின் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, பூட்ஸோடு துண்டில் சுற்றி வண்டியில் வைத்தேன். என் கால் வெளியே கிடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வெளியே அதை யாரும் பார்த்ததில்லை. சுற்றிலும் ஜனம். வெட்கம் வராமல் இல்லை, வந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவா இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தேன்? அந்தக் குளம் கடற்கரை மாதிரி சரிவானது. கையை ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து இறங்கினேன். கணுக்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. பிறகு தண்ணீர் என்னைத் தூக்கிக்கொண்டது.

கை மறந்திருக்குமோ என்று பயந்தேன். மறக்கவில்லை. ஒரு வீச்சு, இன்னொரு வீச்சு, நான் பழையபடி கிணற்றுக்காரி ஆகிவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீரில் கூட்டம் கைகோத்து நின்றுகொண்டிருந்தது. அந்த ஓரத்தில் வீட்டுக்காரரின் முதுகு தெரிந்தது. அதைக் கடந்து போனேன். அப்போது சங்கு ஊதியது.

முதல் அலைக்குத் தலையைக் கொடுத்து அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தேன். இரண்டாவது அலை என்னைத் தூக்கி இறக்கியது. கூட்டத்தையெல்லாம் அலை கரைப் பக்கம் அள்ளிக்கொண்டு போக, நான் எதிர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். விசில் ஊதினார்கள். "ஆழமுங்க! ஆழம்!" என்று கத்தினார்கள். ஆழம்தானே எனக்கு வேண்டும், நிற்கத் தேவையில்லாத இடம். அலை கிளம்பும் சுவருக்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

அவ்வளவு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தை நான் முன்னாலிருந்து பார்த்தேன். அத்தனையும் முகம். ஒரு முதுகுகூட இல்லை. அந்த சந்தோஷத்தில் ஒரு கையைத் தூக்கி ஆட்டினேன், தேர்மேல் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி.

அந்த முகங்களில் ஒன்று என் வீட்டுக்காரருடையது. அவர் "அம்மணீ!" என்று அலறிக்கொண்டு என்னைக் காப்பாற்றக் கிளம்பினார். அவருக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. நாலடி எடுத்து வைப்பதற்குள் அடுத்த அலை அவரை உருட்டிவிட்டது. கையும் காலும் மாறி மாறி வெளியே தெரிந்தன. விரைந்து போய்ச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தலையைத் தூக்கினேன்.

"முழுகீட்டனா?" என்றார் இருமிக்கொண்டே.

"கால ஊனி எந்திரிச்சு நில்லுங்க. இடுப்புத் தண்ணிதான்."

எழுந்து நின்றார். இடுப்புத் தண்ணிதான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் என்னையே பார்த்தார். "எங்க கத்துக்கிட்ட?" என்றார்.

"எங்கூட்டுக் கெணத்துல."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க எங்க என்னைப் பேச உட்டீங்க? உக்காரு உக்காருன்னுதான் சொன்னீங்க."

கோபமாகத்தான் சொன்னேன். சொன்னதும் கோபம் போய்விட்டது. அவர் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டார். பிறகு, "அந்தக் கோடி வரைக்கும் இன்னொருக்காப் போவியா? சரியாப் பாக்கல" என்றார். கல்யாணமாகி அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த பேச்சு அது.

அதற்குள் நங்கை குழந்தையோடு கரையில் நின்று, "கண்ணு, பையி! சோறு!" என்று சத்தம் போட ஆரம்பித்தார். வண்டி கேட்பாரற்று நின்றது. வீட்டுக்காரர் மூக்கில் ஏறிய தண்ணீரோடு கரையேறி அதன் பக்கத்தில் போய் நின்றார்.

விசில் காவலாளி வேகமாக வந்துகொண்டிருந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவருடைய ஒரு கையில் நாற்காலி, மறு கையில் என் கக்கத்துக் கட்டை.

"கட்டை உள்ள வரக்கூடாதுன்னீங்களே?" என்று தண்ணீரிலிருந்தே கேட்டேன்.

"ரூல்ஸு, நீங்க ஊனீட்டு வரக்கூடாதுன்னுதானுங்க" என்றார் அவர். "நாந் தூக்கீட்டு வரக்கூடாதுன்னு இல்லீங்களே." நான் ஏறும்போது கைக்கு எட்டுகிற மாதிரி கட்டையைக் கரையில் வைத்தார். நாற்காலியை வண்டிக்குப் பக்கத்தில் போட்டு, பழக்க தோஷத்தில் துண்டால் துடைத்தும்விட்டார்.

மறுபடி சங்கு ஊதியது. வீட்டுக்காரர் துண்டில் சுற்றிய என் காலிப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, தானும் வருவதா வேண்டாமா என்று தடுமாறி நின்றார். பாவமாக இருந்தது. ஆனாலும் இத்தனை வருஷமாகக் காதில் விழுந்துகொண்டிருந்ததை ஒரு தடவையாவது நான் சொல்லிப் பார்க்க வேண்டாமா?

"நீங்க உக்காருங்க" என்றேன். சொல்லிவிட்டு அலைக்குத் திரும்பினேன்.